ஒரு பிள்ளைக்கு இழுப்பு என்றால் வீடே ஊதிப் பார்க்க வேண்டும்

(தோட்டக் கிளையின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

கூட்டம் என்றால் சம்பளம், போனஸ், வீடு, இந்த மூன்றையும்தான் பேசுவார்கள் என்று எண்ணி வந்திருப்பீர்கள். சம்பளத்தைத் தலைவர் பேசிவிட்டார். எங்களுக்கு ஒதுக்கிய நேரத்தில் மூச்சைப் பற்றிப் பேசப் போகிறோம். மூச்சைப் பற்றிப் பேச இவர்கள் என்ன டாக்டர்களா என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. டாக்டர்கள் அல்ல, கிராணி வேலை பார்க்கிறவர்கள். காலையில் பெரட்டு முடிந்ததும் செக்ரோல் புத்தகத்தில் உங்கள் பெயருக்கு நேரே குறி போடுகிறவர்கள். இந்த விஷயம் எங்களுக்குத் தெரியவந்ததே அந்தப் புத்தகத்தின் வழியாகத்தான்.

போன ஆண்டுக் கடைசியில், மரம் வெட்டும் ஒரு தாயின் பெயருக்கு நேரே ஒரே மாதத்தில் ஏழு நாள் 'வரவில்லை' என்று குறி விழுந்தது. மண்டோரைக் கேட்டோம். "அந்தம்மாவுக்கு இப்போதெல்லாம் சோம்பல் ஐயா" என்றார். நாங்களும் நம்பிவிட்டோம். குறி போட்டது எங்கள் கைதான், அதை மறைப்பதற்கில்லை. சம்பள நாளில் அந்த அம்மாள் ஜன்னலருகே நின்று தாளைப் பார்த்தார். வருகைப் படி போயிருந்தது. அழவில்லை, சண்டை போடவில்லை. "ஐயா, பையனுக்கு ராத்திரி இழுப்பு. விடிய விடிய முதுகைத் தடவிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அவன் கண்ணை மூடினது நாலரை மணிக்கு. அப்புறம் நான் எப்படிப் பெரட்டுக்கு வருவேன்?" என்று கேட்டார். அன்று எங்களிடம் பதில் இல்லை.

அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறோம். பெயரைச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டோம்.

கிளைச் செயலாளரின் காரில் பையனை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வயது பதினான்கு. தகப்பனாரும் வந்தார். டாக்டரம்மா பையனின் நெஞ்சைக் கேட்டார், மருந்துப் புகை கொடுத்தார், மூச்சு இறங்கியது. பிறகு நாங்கள் எதிர்பாராத ஒரு கேள்வியைக் கேட்டார்: "வீட்டில் வேறு யாருக்கு இருமல்?" தாய் சொன்னார், "யாருக்கும் இல்லைங்க." சொல்லி வாய் மூடவில்லை, வெளியே வராந்தாவில் தகப்பனார் இருமுகிற சத்தம் கேட்டது. "அது சிகரெட்டு இருமல்" என்றார் தாய், அது இருமலிலே சேர்த்தி இல்லை என்பதுபோல. மூத்த பெண் ஒருத்தி உண்டு, பதினேழு வயது. அவளுக்கும் விடியற்காலையில் இருமல் உண்டு. "அது சளி உடம்பு" என்றார்.

அடுத்த தவணைக்கு நால்வரையும் வரச் சொன்னார் டாக்டரம்மா. ஒவ்வொருவராக ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். நெஞ்சு நிறைய இழுத்து, உள்ளதையெல்லாம் ஒரே மூச்சில் வெளியே தள்ள வேண்டும். முதல் ஒரு விநாடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது, மொத்தம் எவ்வளவு வருகிறது என்று கருவி கணக்குப் போடுகிறது. இந்தச் சோதனைக்கு மூலமான கருவியை இங்கிலாந்தில் ஜான் ஹட்சின்சன் என்னும் வைத்தியர் 1846-ம் ஆண்டிலேயே வெளியிட்டார்.

முடிவு என்ன தெரியுமா? தாய்க்கு ஒன்றுமில்லை. மூத்த பெண்ணுக்கு ஆஸ்துமா. பல ஆண்டுகளாகவே இருந்திருக்கிறது. பள்ளி விளையாட்டுப் போட்டியில் ஓடாமல் ஒதுங்கியது வெட்கத்தால் அல்ல, மூச்சால். தகப்பனாரின் நிலைதான் எல்லாவற்றிலும் மோசம். நாற்பத்து நான்கு வயதுக்காரர். அவர் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டிய அளவில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் வந்தது. மருந்து கொடுத்து மறுபடி ஊதச் சொன்னபோது சிறிது ஏறியது, முழுவதும் ஏறவில்லை. எந்தப் பிள்ளைக்காக ஆஸ்பத்திரிக்குப் போனோமோ, அந்தப் பிள்ளைதான் அந்த வீட்டில் சீக்கிரம் சரியாகக்கூடிய நிலையில் இருந்தான்!

வீட்டுக்கு வந்து பாட்டியம்மாளிடம் சொன்னபோது, அவர் சர்வ சாதாரணமாக ஒரு வார்த்தை சொன்னார்: "இவனுக்கும் சின்னப் பிள்ளையில இருந்துச்சே! பெரியவனானதும் தானாப் போயிருச்சு."

தோழர்களே, இந்தத் 'தானாகப் போய்விட்டது' என்ற பேச்சைப் பற்றித்தான் இன்று கொஞ்சம் நின்று பேச விரும்புகிறோம்.

ஆஸ்துமா என்பது மூச்சுக்குழாய்களின் உட்புறத்தில் அடங்காமல் இருக்கும் ஒரு வீக்கம். தூசி, புகை, தடிமன், குளிர்காற்று, நாய் பூனை முடி, இப்படி ஏதாவது ஒன்று பட்டவுடன் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகிக்கொள்கிறது. உள்ளே சளி அடைக்கிறது. காற்று போக வழி குறுகி விசில் சத்தம் கேட்கிறது. இது தொற்றுநோய் அல்ல. பிள்ளைக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர் வைக்கிற வீடுகளை நாங்கள் பார்த்திருக்கிறோம்; அது வீண் கொடுமை. ஆனால் இரத்தத்தில் வரக்கூடியது. தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்புக் கூடுகிறது. இருவருக்கும் இருந்தால் இன்னும் கூடுகிறது. வம்சத்தில் வருவது நோய் அல்ல, நோய்க்கு இடங்கொடுக்கும் உடல்வாகு. அது ஒருவருக்கு இழுப்பாகவும், இன்னொருவருக்கு வெறும் இராத்திரி இருமலாகவும், வேறொருவருக்கு ஓயாத தும்மலாகவும், தோலில் கரப்பானாகவும் தலைகாட்டலாம். 'எங்கள் வம்சத்தில் இல்லை' என்று சொல்லுகிறவர்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான்: ஊதிப் பார்த்தீர்களா?

ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே டாஸ்மேனியா என்றொரு தீவு இருக்கிறது. 1961-ல் பிறந்து அங்கே பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த 8,583 பிள்ளைகளை 1968-ம் ஆண்டில், அவர்களுக்கு ஏழு வயதாக இருந்தபோது, மூச்சைப் பற்றி ஆராய ஆரம்பித்தார்கள். பிள்ளைகளோடு நிறுத்தவில்லை, தாய் தகப்பனுக்கு ஆஸ்துமா உண்டா, புகை பிடிக்கிறார்களா என்றும் எழுதிக்கொண்டார்கள். அந்தப் பிள்ளைகளை விடாமல் பின்தொடர்ந்து, அவர்களுக்கு ஐம்பத்து மூன்று வயதானபோதும் ஊதச் சொன்னார்கள். 2018-ல் கணக்கை வெளியிட்டார்கள். நுரையீரல் நிரந்தரமாக அடைபட்டு, மருந்துக்கும் முழுவதும் திறக்காமல் போகும் நோய் வந்தவர்களில், நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் இளமையிலிருந்தே தாழ்ந்த பாதையில் போனவர்கள். அந்தப் பாதையில் அவர்களைத் தள்ளியவற்றுள் முக்கியமானவை: சிறுவயது ஆஸ்துமா, சிறுவயது மார்ச்சளிக் காய்ச்சல், தாய் தகப்பனின் ஆஸ்துமா, தாயின் புகைப் பழக்கம். வளர்ந்தபின் தாமும் சிகரெட்டைப் பிடித்தவர்களுக்குக் கேடு இன்னும் அதிகமானது.

இதைச் செக்ரோல் பாஷையில் சொன்னால் உங்களுக்குச் சட்டென்று விளங்கும். நுரையீரல் ஒரு சேமநிதி. பிறந்தது முதல் இருபது, இருபத்தைந்து வயது வரையில் பணம் சேருகிறது. அதன்பின் ஒரு காசும் சேராது. ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் செலவழிக்கிறோம். நன்றாகச் சேர்த்தவனுக்கு எண்பது வயதிலும் மிச்சம் இருக்கும். சிறுவயதில் இழுப்போடு வளர்ந்து, அதற்கு மருந்தும் பார்க்காதவனுக்குச் சேர்ந்ததே குறைவு. அவன் சிகரெட்டையும் பிடித்தால் இரண்டு கையாலும் எடுத்துச் செலவழிக்கிறான். நமது தகப்பனாருக்கு நடந்தது இதுதான். இழுப்புச் சத்தம் நின்றது உண்மை. கணக்கில் விழுந்த குறைவு நிற்கவில்லை.

இனி, புகை விஷயத்துக்கு வருவோம். சிகரெட்டுப் பிடிக்கிற தோழர்களைத் திட்டுவது எங்கள் நோக்கம் அல்ல. திட்டி நிறுத்தியவர் எவரும் இல்லை. ஆனால் "நான் வாசலில் நின்றுதானே பிடிக்கிறேன்" என்று சொல்லுகிறவர்கள் யோசிக்க வேண்டும். நமது லயத்து வீட்டுக்கு வாசல் எங்கே முடிகிறது, உள்கூடம் எங்கே ஆரம்பிக்கிறது? புகை ஜன்னல் வழியாக வருகிறது. சட்டையோடும் மயிரோடும் உள்ளே வருகிறது. பிறர் விடும் புகையில் 'இவ்வளவு வரை ஆபத்தில்லை' என்ற அளவே கிடையாது என்று அமெரிக்க அரசாங்கத்தின் தலைமை மருத்துவ அதிகாரி 2006-ல் அறிக்கை விட்டார். வேப் பிடிக்கிற இளைஞர்களும் இதில் அடக்கம். பழ வாசனை வருவதால் அது பழரசம் ஆகிவிடாது.

சிகரெட்டுப் பிடிக்காத வீடுகளிலும் புகை உண்டு. கொசுவத்திச் சுருளைச் சொல்லுகிறோம். கதவு ஜன்னலை அடைத்துவிட்டுப் பிள்ளைகளின் தலைமாட்டில் சுருளைக் கொளுத்தி வைத்துவிட்டுத் தூங்குகிறோம். சீனாவிலும் நமது மலேசியாவிலும் விற்கும் சுருள்களைச் சோதித்து 2003-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமமான நுண்துகள் வெளிவருகிறது என்று கண்டார்கள். சிகரெட்டைத் தொட்டே அறியாத தாயும் பிள்ளையும் விடியுமுன் எத்தனை பெட்டியை ஊதிவிடுகிறார்கள், பாருங்கள்! அதற்காகக் கொசுக்கடியில் படுக்கச் சொல்லவில்லை. டெங்கியை நாம் அறியாதவர்களா? வலை கட்டுங்கள். ஜன்னலுக்குக் கம்பிவலை போடுங்கள். சாக்கடையையும் பழைய டயரையும் கவனியுங்கள். சாம்பிராணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொன்னால் பாட்டிமார்களுக்குக் கோபம் வரும். சாமிக்குப் போடுங்கள், பிள்ளையின் தொட்டிலுக்குக் கீழே போடாதீர்கள். குளிக்கிற வெந்நீருக்கு விறகு எரிக்கிற வீடுகள் அடுப்பைக் கூரைக்கு வெளியே தள்ளுங்கள். குப்பை கொளுத்துவது வேண்டாம்.

நாம் கொளுத்தாத புகையும் நம்மைத் தேடி வருகிறது. 1997-லும், 2005-லும், 2013-லும், 2015-லும், 2019-லும் வந்த புகைமூட்டத்தை மறந்திருக்கமாட்டீர்கள். 2013 ஜூன் மாதத்தில் மூவாரிலும் லேடாங்கிலும் காற்று மாசுக் குறியீடு எழுநூற்றைத் தாண்டி, அரசாங்கம் அவசர நிலையே பிரகடனம் செய்தது. முந்நூறைத் தாண்டினாலே அபாயம் என்பது கணக்கு. அப்படிப்பட்ட நாட்களில் காட்டில் வேலை நடக்கலாமா என்று எங்கள் கிளை கேட்டிருக்கிறது, மறுபடியும் கேட்கும்.

மருந்துக்கு வருவோம். "பம்பு பழகிவிடும்", "பம்பு எடுத்தால் இதயம் கெட்டுவிடும்" என்கிற பேச்சு லயம் லயமாக உலாவுகிறது. இந்தப் பம்பு பிறந்த கதையே ஒரு வீட்டுக் கதைதான். அமெரிக்காவில் ஒரு மருந்துக் கம்பெனித் தலைவருக்கு ஆஸ்துமாக்காரப் பெண் ஒருத்தி, பதின்மூன்று வயது. அந்தக் காலத்தில் கண்ணாடிக் குப்பியில் மருந்தை ஊற்றி ரப்பர் உருண்டையை அமுக்கி அமுக்கி இழுக்க வேண்டும். "மயிருக்கு அடிக்கிற ஸ்பிரே மாதிரி என் மருந்தையும் டப்பாவில் அடைத்துத் தரக்கூடாதா?" என்று அவள் தகப்பனைக் கேட்டாள். 1956-ல் பம்பு விற்பனைக்கு வந்தது. பிள்ளை கேட்டதைத் தகப்பன் காதில் வாங்கியதால் வந்த மருந்து அது.

பம்பில் இரண்டு வகை உண்டு என்பதைத்தான் நம்மில் பலர் அறியவில்லை. ஒன்று, இழுப்பு வந்ததும் குழாயைத் திறந்துவிடுகிற மருந்து. பெரும்பாலும் நீல நிறம். மற்றொன்று, வீக்கத்தை அடக்கி, இழுப்பே வராமல் காக்கிற மருந்து. டாக்டர் சொன்னபடி விடாமல் எடுக்க வேண்டும். நீலப் பம்பு உடனே சுகம் தருவதால் அதை வைத்துக்கொண்டு மற்றதைப் பெட்டியில் போட்டுவிடுகிறோம். தீ எரிகிற வீட்டில் புகையை மட்டும் விசிறிக்கொண்டிருப்பது போன்ற வேலை அது. நீலப் பம்பு ஒன்றை மட்டும் நம்பிச் சிகிச்சை செய்யக்கூடாது என்று ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டுக் குழு 2019-ல் பெரியவர்களுக்கும் இளைஞர்களுக்கும் திட்டமாகச் சொல்லிவிட்டது. ஆண்டுக்கு மூன்று நீலப் பம்பு காலியாகிறது என்றாலே நோய் அடங்கவில்லை, கடும் இழுப்பு வரக்கூடும் என்று பொருள். காலி டப்பாவை எறியாதீர்கள், எண்ணுங்கள். காக்கும் மருந்தை எடுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குப் பம்போடு இடைக்குப்பி ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தால்தான் மருந்து நெஞ்சுக்குப் போகும். அதை வாங்க வசதி இல்லையென்றால், அரை லிட்டர் பிளாஸ்டிக் போத்தலின் அடியில் பம்பு வாய்க்குச் சரியாகத் துளை போட்டுச் செய்த குப்பியும் அதற்கு ஈடாக வேலை செய்கிறது என்று தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் மருத்துவர்கள் 1999-ல் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். செய்தால் கிளினிக் தாதியிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் பிள்ளைகளும் மனப்பாடம் செய்ய வேண்டும். ஒரு வாக்கியத்தைச் சேர்த்துச் சொல்ல முடியாமல் மூச்சு வாங்கினால், விலா எலும்புக்கு இடையில் தோல் உள்வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால், பம்பு போட்டும் அடங்காவிட்டால், தைலம் தேய்த்துக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 999-ஐக் கூப்பிடுங்கள், இல்லையேல் கிளைச் செயலாளர் வீட்டுக் கதவை எந்த நேரத்திலும் தட்டுங்கள். 2019-ம் ஆண்டில் உலகத்தில் 4,55,000 பேர் ஆஸ்துமாவால் இறந்தார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. மருந்தே இல்லாத நோயால் அல்ல.

மூத்த பெண்ணின் கதைக்குத் திரும்புவோம். நோய் தெரிந்த மறுநாளே தாய் எங்களிடம் வந்து, "ஐயா, இதை வெளியில சொல்லிராதீங்க, நாளைக்குப் பெண் பார்க்க வருவாங்க" என்றார். அந்தப் பெண் பம்பைப் புத்தகப் பைக்குள் ஒளித்து, கழிப்பறையில் போய் இழுத்துக்கொண்டிருந்தாள். யார் மேல் குற்றம்? தாய் மேல் அல்ல. நம் எல்லோர் வாய் மேலும்தான். இங்கிலாந்துக்காரி பாலா ராட்கிளிஃபுக்குப் பதினான்கு வயதில் ஆஸ்துமா என்று கண்டுபிடித்தார்கள். அவர் 2003-ல் லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடி உலகச் சாதனை செய்தார். இதைச் சொன்னபோது அந்தப் பெண், "அவங்க பம்பை எங்க வச்சிருந்தாங்க அண்ணே?" என்று கேட்டாள். சிரிக்கத்தான் கேட்டாள் என்று நினைத்தோம். இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இன்று அவள் பம்பை மேசைமேல் வைத்துவிட்டுப் படிக்கிறாள். கழகத்துக்கு இது பெரிய வெற்றி இல்லை என்று யாராவது சொன்னால் நாங்கள் ஒப்புக்கொள்ளமாட்டோம்.

இப்போது நிர்வாகத்துக்குச் சொல்ல வேண்டியது. 1955-ம் ஆண்டு வேலைச் சட்டப்படி, தொழிலாளியின் சொந்த நோய்க்குச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு: இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 18 நாள், ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 22 நாள். பிள்ளையின் நோய்க்கு ஒரு நாளும் இல்லை. இழுப்புப் பிள்ளையை வைத்திருக்கும் தாய் பொய் சொல்லித் தன் பெயரில் விடுப்பு வாங்க வேண்டும். அல்லது சம்பளத்தை இழக்க வேண்டும். ஆகவே எங்கள் கிளை இரண்டு கோரிக்கைகளை எழுதிக் கொடுத்திருக்கிறது. பிள்ளையை ஆஸ்பத்திரியில் காட்டிய சீட்டு இருந்தால் அந்த நாளுக்கு வருகைப் படியை வெட்டக்கூடாது. கூரை ஒழுகிச் சுவரில் பூஞ்சணம் பூத்த வீடுகளில் இழுப்புக்காரர்கள் இருக்கும் வீடுகளை முதலில் பழுதுபார்க்க வேண்டும். இது தருமம் கேட்பதல்ல; தோட்டத்து வீடுகளைப் பற்றி 1990-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நிர்வாகம் இன்னும் பதில் தரவில்லை. பதில் வரும்வரையில், செக்ரோலில் 'வரவில்லை' என்பதற்குப் பக்கத்தில் காரணத்தையும் பென்சிலால் எழுதி வைக்கிறோம். எங்களால் இப்போதைக்கு முடிந்தது அவ்வளவுதான்.

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். நம்மோடு வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அவர்களும் அதே லயத்துக் காற்றைத்தான் இழுக்கிறார்கள். அவர்களையும் ஞாயிற்றுக்கிழமை அழைத்து வாருங்கள்.

ஞாயிறு என்றது இதற்காகத்தான். கிளைப் பணத்தில் ஊதிப் பார்க்கும் சிறு கருவி ஒன்று வாங்கியிருக்கிறோம். ஒரு முழ நீளம்கூட இராது. 1959-ல் டாக்டர் ரைட் என்பவர் வெளியிட்ட கருவியின் வாரிசு. அதை வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாது. ஆனால் யாரைக் கிளினிக்குக்கு அனுப்ப வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம். நின்றுகொண்டு, நெஞ்சு நிறைய இழுத்து, உதட்டை இறுக்கி, ஒரே வெடிப்பாக ஊத வேண்டும். மூன்று தரம் ஊதி, அதிகமான எண்ணை எழுதிக்கொள்வோம். ஆளுக்கொரு அட்டைக்குழாய் தருவோம். ஒருவர் வைத்த வாயில் இன்னொருவர் வைக்க வேண்டியதில்லை. இழுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டில் தாய், தகப்பன், அண்ணன், தங்கை, பாட்டி உட்பட எல்லோரும் வர வேண்டும். காலை 9 மணி, கோயில் மண்டபம். சிகரெட்டு விட விரும்புகிறவர்களின் பெயரையும் அங்கே எழுதிக்கொள்வோம். கிளினிக்கில் அதற்கென்று தனிப் பிரிவு உண்டு. நாம் சொன்ன தகப்பனார் முதல் ஆளாக வந்து ஊதுவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் சிகரெட்டை விட்டு இன்றைக்குப் பதினெட்டு நாள். இரண்டு தரம் தவறினாராம், அதையும் அவரே சொன்னார்.